புள்ளி கொஞ்சம், வட்டம் எத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் சாதாரண தரம் முடித்து இணைந்த கணிதத்துக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். "தளத்தில் சில புள்ளிகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக எத்தனை வட்டம் வரையலாம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும். அப்படி எழுந்த கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதினோராம் தரத்து வட்டத் தேற்றங்களும் கொஞ்சம் சேர்மானமும் தெரிந்தால் போதும், படித்துக்கொண்டு போகலாம். புள்ளிகளின் எண்ணிக்கையை முழுக்க 'ந' என்றே குறிக்கிறேன்.

புள்ளிகள் ஒரு வட்டத்தைத் "தீர்மானிக்கின்றன" என்றால் என்ன?

ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளை எடுத்தால் அவை மூன்றின் வழியாகவும் ஒரு வட்டம் போகும், ஒன்றே ஒன்றுதான் போகும். இரண்டு புள்ளிகளை இணைத்துச் செங்குத்து இருகூறாக்கி வரையுங்கள், இன்னொரு சோடிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் மையம். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தால் அந்த இருகூறாக்கிகள் சமாந்தரமாகிவிடும், வட்டம் கிடையாது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம். வரைபடத்தில் சிவனொளிபாத மலை, பீதுருதாலகாலை, கிரிகல்பொத்த ஆகிய மூன்று உச்சிகளையும் புள்ளிகளாகக் குறியுங்கள். அவற்றின் வழியாகப் போகும் வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 18 கிலோமீற்றர். மையம் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், சற்றுத் தெற்கே தள்ளி விழும். நுவரெலியா நகரம் வட்டத்துக்கு உள்ளே, ஓரத்தை ஒட்டி இருக்கும். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துத் தொட்டுபொல மலை வெளியே நிற்கும். அந்த மலையையும் நான்காவது புள்ளியாகச் சேர்த்தால் நான்கு வட்டம் வரும்.

சேர்மானம் போட்டால் விடை வந்துவிடுமே, சேர்?

மிகக் கூடிய எண்ணிக்கை வந்துவிடும். ந புள்ளிகளிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுக்கும் வழிகள் ந(ந−1)(ந−2)/6. 10 புள்ளிக்கு 120, 100 புள்ளிக்கு 1,61,700. எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லாமல், எந்த நான்கும் ஒரே வட்டத்தில் இல்லாமல் இருந்தால் அத்தனை வட்டமும் வெவ்வேறாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தாளில் புள்ளி வைத்தால் பெரும்பாலும் அப்படித்தான் அமையும். அதனால் இந்தப் பக்கத்தில் பெரிதாகச் சுவாரசியம் இல்லை. குறைந்தது எத்தனை என்று கேட்கும்போதுதான் கணக்கு சூடு பிடிக்கிறது.

நான்கு புள்ளிக்கு இரண்டே வட்டம் வருமாறு வைக்கலாமா?

முடியாது. நான்கு புள்ளிக்கு வரக்கூடியவை 0, 1, 3, 4 மட்டும். நான்கும் ஒரே கோட்டில் என்றால் 0, ஒரே வட்டத்தில் என்றால் 1. மூன்று ஒரே கோட்டிலும் ஒன்று வெளியிலும் இருந்தால், வெளியே உள்ளதோடு கோட்டில் உள்ள எந்த இரண்டையும் சேர்க்கலாம், ஆக 3. மற்ற எல்லா நிலையிலும் 4.

ஐந்து புள்ளிக்கு 0, 1, 5, 6, 7, 8, 9, 10 எல்லாம் வரும், 2, 3, 4 வராது. ஐந்து வட்டம் வரும் அமைப்பு எளிது: ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளும் அதன் மையமும்.

மூன்றுக்கு மூன்று புள்ளிக் கோலத்தில் எத்தனை?

வாசலில் போடும் அதே ஒன்பது புள்ளிதான். மூன்று மூன்று புள்ளிகளாகத் தெரிந்தெடுத்தால் மொத்தம் 84 மும்மைகள். அவற்றில் 8 நேர்கோட்டில் போய்விடும், மீதி 76. நான்கு புள்ளி வழியாகப் போகும் வட்டங்களை முதலில் தேடுங்கள். சின்னச் சதுரங்கள் 4, பெரிய சதுரம் 1, நடுப்புள்ளிகளைச் சேர்த்த சாய்சதுரம் 1, ஒன்றுக்கு இரண்டு செவ்வகங்கள் 4. பலரும் தவறவிடுபவை மூலைவிட்டத்துக்குச் சமாந்தரமான இருசமபக்கச் சரிவகங்கள் 4. மொத்தம் 14 வட்டங்கள். ஒவ்வொன்றும் 4 மும்மைகளை விழுங்கும், ஆக 56 போய்விடும். மீதி 20 மும்மைகளுக்கும் தனித்தனி வட்டம். 14 + 20 = 34.

எண்ணும் முறையே இதுதான்: முதலில் கோடுகளைக் கழி, அப்புறம் கூட்டமாக நிற்பவற்றைப் பிடி, மிஞ்சியதைத் தனித்தனியாக எண்ணு.

எல்லாம் ஒரே கோட்டிலோ ஒரே வட்டத்திலோ இல்லையென்றால், மிகக் குறைந்தது எத்தனை வட்டம்?

இரண்டு அமைப்புகளை ஒப்பிடுவோம். முதலாவது: ஒரு கோட்டில் ந−1 புள்ளிகள், வெளியே ஒன்று. வெளியே உள்ளதோடு கோட்டில் உள்ள எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரு வட்டம். ஒரு வட்டம் ஒரு கோட்டை இரண்டு இடத்துக்கு மேல் வெட்டாது, ஆகவே எல்லாம் வெவ்வேறு வட்டங்கள். எண்ணிக்கை (ந−1)(ந−2)/2.

இரண்டாவது: ஒரு வட்டத்தில் ந−1 புள்ளிகளை வைத்து, மிஞ்சிய ஒன்றை வட்டத்தின் மையத்தில் வையுங்கள். இங்கே அடிப்படை வட்டம் ஒன்று கூடுதலாக வருகிறது. ஆனால் விட்டத்தின் இரு முனைகளாக எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு சோடியும் மையத்தோடு நேர்கோடாகிவிடும். அந்தச் சோடிகளுக்கு வட்டமே இல்லை. அப்படிக் கூடியளவு (ந−1)/2 சோடிகள், அரை வந்தால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை (ந−1)(ந−2)/2 + 1 − (ந−1)/2.

ந = 100 என்று போட்டுப் பாருங்கள். கோட்டு அமைப்புக்கு 4851, வட்ட அமைப்புக்கு 4851 + 1 − 49 = 4803. கூடியது ஒன்று, கழிந்தது நாற்பத்தொன்பது.

இதை யார் நிறுவினார்கள்?

ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் எர்டோஸ் எழுப்பிய கேள்வி இது. 1967 இல் எலியட் என்பவர் விடை எழுதினார். புள்ளிகள் 393 ஐத் தாண்டினால், எல்லாம் ஒரே கோட்டிலோ வட்டத்திலோ இல்லாதவரை, குறைந்தது (ந−1)(ந−2)/2 வட்டங்கள் உண்டு என்றார். மேலே பார்த்த 4803 நினைவிருக்கிறதா? அதே போல ஆயிரம் புள்ளிக்கும் போட்டுப் பாருங்கள், அவர் சொன்ன எல்லைக்குக் கீழே போகும். மையத்தின் வழியாகப் போகும் நேர்கோடுகள் கணக்கில் விடுபட்டிருந்தன. ஜோர்ஜ் பர்டியும் ஜஸ்டின் ஸ்மித்தும் 2010 இல் வெளியான கட்டுரையில் எல்லையைத் திருத்தினார்கள். ந போதிய அளவு பெரிதாக இருக்கும்போது, மேலே நாம் கண்ட வட்ட அமைப்பின் எண்ணிக்கைதான் சரியான குறைந்தபட்சம்.

இந்தக் கதையை வகுப்பில் வேண்டுமென்றே சொல்கிறேன். ஆய்விதழில் வந்த ஒரு கூற்றைச் சோதிக்க ஒரு கவராயமும் பதினோராம் தரத்து அறிவும் போதுமாக இருந்திருக்கின்றன.

ஏன் "போதிய அளவு பெரிதாக" என்ற நிபந்தனை? சின்ன எண்ணிக்கைக்கு உண்மை இல்லையா?

இல்லை. இதைக் காட்டும் படம் உங்கள் கொப்பியிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

க, ச, ட என்று ஒரு முக்கோணி வரையுங்கள், செங்கோணம் மட்டும் வேண்டாம். ஒவ்வோர் உச்சியிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்து இறக்குங்கள். க இலிருந்து இறக்கிய செங்குத்தின் அடி ப, ச உடையது ம, ட உடையது ய. மூன்று செங்குத்துகளும் சந்திக்கும் இடம் வ. மொத்தம் ஏழு புள்ளிகள், 35 மும்மைகள்.

கோடுகள்: பக்கங்கள் மூன்றில் கயச, சபட, டமக. செங்குத்துகள் மூன்றில் கவப, சவம, டவய. ஆறு மும்மைகள் கழிந்தன.

இனி வட்ட நாற்பக்கல்கள். ம இலும் ய இலும் செங்கோணம், இரண்டும் சட என்ற கோட்டை நோக்கியவை. ஆகவே ச, ட, ம, ய நான்கும் சட ஐ விட்டமாகக் கொண்ட வட்டத்தில் இருக்கின்றன. அதே போல ட, க, ய, ப ஒன்று, க, ச, ப, ம ஒன்று. அத்தோடு கவ ஐ விட்டமாகக் கொண்ட வட்டத்தில் க, ம, வ, ய. அவ்வாறே ச, ப, வ, ய ஒன்று, ட, ப, வ, ம ஒன்று. மொத்தம் ஆறு வட்டங்கள், அவை 24 மும்மைகளை விழுங்குகின்றன.

35 − 6 − 24 = 5. மிஞ்சிய ஐந்து: கசட, பமய, கசவ, சடவ, டகவ. ஐந்தும் தனித்தனி வட்டங்கள். மொத்தம் 6 + 5 = 11.

அறுகோணியும் மையமுமாக ஏழு புள்ளி வைத்தால் சூத்திரப்படி 15 + 1 − 3 = 13. இந்தச் செங்குத்துப் படம் அதைவிட இரண்டு குறைவு! வ ஐ எடுத்துவிட்டு ஆறு புள்ளிகளோடு நிறுத்தினாலும் 8 வட்டம்தான் வரும், சூத்திரம் சொல்வது 9. 'சின்ன எண்களில் சரி வந்தது, எல்லாவற்றுக்கும் சரி' என்று சொல்லும் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். இங்கே சின்ன எண்களில்தான் பிழைக்கிறது, பெரிய எண்களில் சரிவருகிறது.

அந்த ஏழு புள்ளிப் படம் தற்செயலா?

தற்செயல் இல்லை, அதற்குள் ஒரு சதுரமுகி ஒளிந்திருக்கிறது. சதுரமுகியின் எட்டு உச்சிகளும் ஒரு கோளத்தின் மேல் கிடக்கும். கோளத்தின் மேலுள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒளி பாய்ச்சி, உச்சிகளின் நிழலை எதிரே உள்ள தளத்தில் விழுத்துங்கள். இந்த வீழ்த்தலில் கோளத்து வட்டம் தளத்திலும் வட்டமாகவே விழும், ஒளிப்புள்ளி வழியாகப் போகும் வட்டம் மட்டும் நேர்கோடாகும். சதுரமுகியின் உச்சிகள் தீர்மானிக்கும் தளங்கள் 20: முகங்கள் 6, எதிர் விளிம்புகளைச் சேர்ப்பவை 6, மூன்றே உச்சி உள்ளவை 8. ஒளிப்புள்ளியை ஓர் உச்சியிலேயே வைத்தால் அதன் வழியாகப் போகும் 9 தளங்கள் கோடுகளாகிவிடும், மீதி 11. மற்ற ஏழு உச்சிகளின் நிழல், சமபக்க முக்கோணிக்கு வரைந்த அதே செங்குத்துப் படம்.

ஒளிப்புள்ளியை ஒரு முகத்தின் நடுவுக்கு நேரே மேலே கோளத்தில் வைத்தால், எட்டு உச்சிகளும் ஒரே மையமுள்ள, ஒரே பக்கம் பார்த்த இரண்டு சதுரங்களாக விழும். இரண்டு மூலைவிட்டக் கோடுகள் போக 18 வட்டங்கள். எட்டுப் புள்ளிக்குச் சூத்திரம் தருவது 19. சதுரமுகியை வைத்து எட்டுப் புள்ளியில் இந்தக் கூற்று பிழைக்கும் என்று முதலில் கவனித்தவர் இத்தாலியரான செக்ரே. இரண்டு சதுரங்களின் அளவு எந்த விகிதத்தில் இருந்தாலும் 18 தான் வரும். ஏன் என்று யோசியுங்கள், இருசமபக்கச் சரிவகம் எல்லாமே வட்ட நாற்பக்கல்தான்.

வட்டத்தை விட்டுக் கோட்டை எண்ணினால்?

கோட்டுக் கணக்கு பழையது. எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லையென்றால், சரியாக இரண்டே புள்ளி வழியாகப் போகும் கோடு ஒன்றாவது இருக்குமா என்று சில்வெஸ்டர் 1893 இல் கேட்டார். உண்டு என்ற நிறுவல் 1940களில்தான் வந்தது. மொத்தக் கோடுகள் குறைந்தது ந என்பது டி புருய்ன், எர்டோஸ் இருவரின் 1948 ஆம் ஆண்டுத் தேற்றம்.

வட்டத்தையும் கோட்டையும் இணைக்கும் பாலம் 'இன்வேர்ஷன்' என்ற மாற்றம். ஒரு புள்ளியை மையமாக எடுத்து, அதிலிருந்து 2 அலகு தூரத்தில் உள்ளதை 1/2 க்கும், 5 அலகில் உள்ளதை 1/5 க்கும், அதே திசையில் நகர்த்துங்கள். மையத்தின் வழியாகப் போன வட்டங்கள் எல்லாம் நேர்கோடுகளாக நிமிர்ந்துவிடும். ஆக ஒரு புள்ளியின் வழியாகப் போகும் வட்டங்களை எண்ணுவதும், மற்ற ந−1 புள்ளிகளின் புதிய இடங்கள் தீர்மானிக்கும் கோடுகளை எண்ணுவதும் ஒன்றே. ஒரு நிபந்தனை: மையத்தின் வழியாகவே போகும் கோடுகளைச் சேர்க்கக் கூடாது. அவை முன்பும் கோடுதான், இப்போதும் கோடுதான்.

இதிலிருந்து உடனே ஒன்று கிடைக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டிலோ ஒரே வட்டத்திலோ இல்லாதவரை, புதிய இடங்கள் குறைந்தது ந−1 கோடுகளைத் தீர்மானிக்கும். மையத்தின் வழியாகக் கூடியளவு (ந−1)/2 கோடுகள்தான் போக முடியும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளியாவது வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் குறைந்தது (ந−1)/2 வட்டங்கள் போகின்றன.

சரியாக மூன்றே புள்ளி உள்ள வட்டங்கள் கட்டாயம் இருக்குமா?

இருக்கும், நிறையவே இருக்கும். எலியட்டின் அதே கட்டுரை இதையும் தொட்டது. ந பெரிதாகும்போது குறைந்தது ஏறக்குறைய ந²/4 இருக்கும் என்று ஸ்வானிபூல், டி ஸீவ் உள்ளிட்ட ஆறு பேர் எழுதிய கட்டுரை 2018 இல் வந்தது. இரண்டே புள்ளி உள்ள கோடுகள் பற்றி பென் கிரீனும் டெரன்ஸ் தாவோவும் 2013 இல் வெளியிட்ட முடிவின் மேல் கட்டப்பட்டது அது. நான்கு புள்ளி உள்ள வட்டங்கள் கூடியளவு ஏறக்குறைய ந³/24 என்பதும் அதே கட்டுரையில் உண்டு. அந்த 24 எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே சொல்லலாம்: மும்மைகள் ஏறக்குறைய ந³/6, ஒவ்வொரு வட்டமும் நான்கை விழுங்கும்.

எல்லா வட்டமும் ஒரே ஆரையாக இருக்க வேண்டும் என்றால்?

மேலே வரைந்த படத்துக்கே திரும்புங்கள். கசட, கசவ, சடவ, டகவ என்ற நான்கு வட்டங்களும் ஒரே ஆரை! கவராயத்தின் கால்களை மாற்றாமலே நான்கையும் வரையலாம். பமய வட்டம் சரியாக அதன் பாதி ஆரை, அதுதான் ஒன்பது புள்ளி வட்டம். ஆக க, ச, ட, வ என்ற நான்கே புள்ளிகள் சம ஆரையுள்ள நான்கு வட்டங்களைத் தருகின்றன.

பொதுவாக, குறித்த ஆரையுடைய வட்டம் இரண்டு புள்ளிகள் வழியாக இரண்டுக்கு மேல் போகாது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எண்ணிக்கை ந(ந−1)/3 ஐத் தாண்டாது, நான்கு புள்ளிக்கு அது சரியாக 4. பெரிய எண்களுக்கு, ந ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவில் வட்டங்கள் வரும் அமைப்பை எலெகெஷ் 1984 இல் தந்தார்.

இதனால் நமக்கு என்ன பிரயோசனம்?

எண்ணும் கணக்குக்கு நேரடிப் பயன் கேட்டால் நான் மழுப்ப மாட்டேன், அழகுக்காகத்தான். ஆனால் மூன்று புள்ளி ஒரு வட்டத்தைத் தீர்மானிக்கும் என்பது நம் மலைநாட்டு ரயில் பாதையில் வேலை செய்கிறது. பதுளை வரை 1924 இல் வந்த இந்தப் பாதையில் நேராகப் போகும் இடம் குறைவு. தெமோதரையில் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுற்றி வந்து நுழைகிறது. வளைவின் ஆரையை அளக்க யாரும் மையத்தைத் தேடிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதில்லை. தண்டவாளத்தில் ஒரு நாணைப் பிடித்து, நடுவில் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் போதும். நாண் 20 மீற்றர், நடு விலகல் 50 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். நாணின் வர்க்கம் 400, அதை விலகலின் எட்டு மடங்காகிய 4 ஆல் வகுத்தால் 100. விலகலின் பாதியைக் கூட்டினால் ஆரை 100.25 மீற்றர்.

பரீட்சைக்கு வருமா?

இந்த வடிவத்தில் வராது. வட்ட நாற்பக்கல் வரும், சேர்மானம் வரும், உயர்தரத்தில் வட்டச் சமன்பாடு வரும்.

போனிலோ கணினியிலோ எண்ணலாமா?

ஜியோஜீப்ரா என்ற கேத்திரகணித மென்பொருளில் படம் வரையலாம், எண்ணுவதற்குச் சின்ன நிரல் எழுதுவது நல்லது. ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு மும்மைக்கும் மையத்தையும் ஆரையையும் தசமத்தில் கண்டுபிடித்து ஒப்பிட்டால், ஒரே வட்டம் 1.4999999 என்றும் 1.5000001 என்றும் இரண்டு தரம் எண்ணப்படும். புள்ளிகளுக்கு முழு எண் ஆள்கூறுகளையே கொடுங்கள். வட்டச் சமன்பாட்டின் குணகங்களைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது புள்ளியைப் பிரதியிட்டால் சரியாகப் பூச்சியம் வருகிறதா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் ஒன்பது புள்ளிக் கோலத்தைக் கொடுத்தால் 34 வர வேண்டும். அப்புறம் செங்குத்துப் படத்துக்கு ஆள்கூறுகள் இதோ: உச்சிகள் (0, 0), (15, 0), (6, 12), செங்குத்துகளின் அடிகள் (9.6, 7.2), (3, 6), (6, 0), சந்திக்கும் புள்ளி (6, 4.5). இடையில் வரும் தசமங்கள் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிவிடுங்கள். 11 வராவிட்டால் பிழை நிரலில்தான்.